பூவுக்கு லைக், டிக்காஷனுக்கு ஆர்டர்: தாண்டிக்குடியிலிருந்து காப்பித்தூள் விற்கும் அனுபவம்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சில ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை, பறித்த பழத்தை அப்படியே உலர்த்தியோ, தோல் நீக்கிக் கழுவிப் பார்ச்மென்ட் (உள்ஓடு நீங்காத உலர்ந்த கொட்டை) ஆக்கியோ வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அது எந்த ஊரில் யார் வீட்டு ஃபில்டரில் இறங்குகிறது என்று தெரியாமலேயே காலம் கழித்தவை. என் புகுந்த வீடும் அப்படித்தான் இருந்தது. என் மாமனாரின் இளமைக் காலத்தில் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத்தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டம். 1990-களில் அந்த முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996-இல் முடிவுக்கு வந்தது. ஆகவே வாங்குபவரைத் தேடிப் போகும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு வாய்க்கவே இல்லை. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் வியாபாரிகளின் வரவு நின்று, அடிவாரத்துக் காப்பி வணிக ஊரான பட்டிவீரன்பட்டிக்குச் சரக்கு இறங்குவதும் தடைப்பட்டபோதுதான், நாங்களே வறுத்து, அரைத்து, நேராக வீடுகளுக்கு அனுப்பினால் என்ன என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. அந்தப் பேச்சு சமூக ஊடகத்தில் வந்து நின்ற கதையை, இதே எண்ணத்தில் இருக்கும் மலையூர்க்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சமூக ஊடகத்தில் விற்பனை என்றவுடன் எல்லோரும் பக்கம் தொடங்குவதைப் பற்றியும் படம் எடுப்பதைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். உணவுப் பொருள் விற்பவருக்கு அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவற்றில் முதலாவது. நாங்கள் பதிவு செய்த காலத்தில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலுக்கு உரிமம் தேவையில்லை, பதிவே போதும். கட்டணமும் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அதில் கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். சிக்கரி கலந்தால் அதன் விழுக்காட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இவையெல்லாம் கடைக்காரர்களுக்கு உரிய விதிகள், இணையத்தில் விற்பவருக்கு இல்லை என்று நினைத்திருந்த உறவினர் ஒருவரிடம், அவர் பதிவிட்ட பொட்டலத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ‘பதிவு எண் எங்கே?’ என்று முதல் கேள்வி கேட்டவர் ஒரு வாடிக்கையாளர்தான், அதிகாரி இல்லை.

சரக்கு-சேவை வரியில் எங்கள் ஆடிட்டர் சுட்டிக்காட்டிய ஒரு செய்தியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்கு உட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும். சந்தையில் விற்பவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை; இன்ஸ்டாகிராமில் விற்பவருக்கு முதல் வாரத்திலேயே எழுந்துவிடும், ஏனென்றால் மதுரைக்காரர் கேட்பதற்கு முன்னால் பெங்களூரில் வேலை பார்க்கும் மதுரைக்காரரின் மகன் கேட்டுவிடுகிறான். பதிவு கைக்கு வரும்வரை தமிழ்நாட்டுக்குள் மட்டுமே அனுப்புவோம் என்று பக்கத்தின் முகப்பிலேயே எழுதி வைத்தோம். கேட்டவர்களில் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிலர் திண்டுக்கல்லில் உள்ள தங்கள் தாய்வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனை வாட்ஸ்அப்பில்தான் தொடங்கியது. உறவினர்கள், என் கணவருடன் படித்தவர்கள், முன்பு தோட்டத்துக்கு வந்து ஒரு கிலோ, இரண்டு கிலோ கொட்டை வாங்கிப் போனவர்கள் என்று ஏற்கெனவே எங்கள் காப்பியைக் குடித்தவர்களின் எண்களை மட்டும் முதலில் தொகுத்தோம். சிறு தொழில்களுக்கென்றே 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கேட்டலாக் வசதி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு முன்பே எழுதிவைத்த பதிலை ஒரு தட்டலில் அனுப்பும் வசதி, ‘பணம் வந்தது’, ‘அனுப்பியாயிற்று’ என்று உரையாடல்களுக்கு வண்ண அடையாளம் ஒட்டும் வசதி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. இணையத்தில் கடை கட்டித் தருகிறோம் என்று பெருந்தொகை கேட்டு வருபவர்களிடம் போவதற்கு முன்னால் இந்தச் செயலியை ஒருவர் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக நாம் அனுப்புவது, நம் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நாம் வைக்கும் ஸ்டேட்டஸும் அப்படித்தான்: நாம் அவர் எண்ணையும் அவர் நம் எண்ணையும் சேமித்திருந்தால்தான் அவர் கண்ணில் படும். நூற்றுக்கணக்கானவர்களின் எண்ணைச் சேர்த்துவிட்டோம் என்று ஒருவர் மகிழ்ந்திருக்க, அவர்களில் பாதிப்பேருக்கு ஒரு செய்தியும் போகாமல் இருக்கலாம். அதனால் பொட்டலத்தோடு ஒரு சிறு சீட்டை வைத்தோம். ‘அடுத்த வறுவல் எப்போது என்று தெரிந்துகொள்ள இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் அதில் இருந்தது. எங்கள் தொழிலுக்கு இதுவரை அதிகம் உழைத்த விளம்பரம் எதுவென்று கேட்டால் அந்தச் சீட்டைத்தான் காட்டுவேன். மறுமுறை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதன் வழியாக வருபவர்களே.

வாட்ஸ்அப்பில் கிடைத்த இன்னொரு செல்வம் கேள்விகள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி வைத்தேன். ‘சிக்கரி போடலாமா, வேண்டாமா?’, ‘டிக்காஷன் தண்ணியா இறங்குது, தூள் சரியில்லையா?’, ‘பொட்டலம் ஊதியிருக்கே, கெட்டுப்போச்சா?’, ‘எத்தனை நாள் மணம் இருக்கும்?’, ‘பீபெரின்னா என்ன, அது ஏன் விலை கூட?’ (பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒன்றாக விளையும் உருண்டைக் கொட்டைதான் பீபெரி.) இவைதாம் திரும்பத் திரும்ப வந்தன. நாங்கள் சொல்ல ஆசைப்பட்ட செய்திகள், அதாவது நிழல் மரங்கள், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, மூடுபனி, மூன்று தலைமுறைப் பெருமை ஆகியவை, இந்த நோட்டில் ஓரிடத்திலும் இல்லை. பின்னாளில் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் என்ன பதிவிடுவது என்ற கேள்வி எழுந்தபோது, விடை அந்த நோட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆயினும் மலையில் இருப்பவருக்கு அழகைக் காட்டாமல் இருப்பது எளிதன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை ஒன்று பெய்து சில நாள்களில் செடி முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்து, தோட்டமே மல்லிகை மணம் போல மணக்கும். அதை எடுத்துப் போட்ட ரீல்ஸ் எங்கள் பக்கத்தில் அதிகமாகப் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று. இதயக்குறிகள் குவிந்தன, ‘எங்கே இருக்கிறது இந்த இடம்?’, ‘தங்க இடம் கிடைக்குமா?’ என்ற கேள்விகளும் குவிந்தன. காப்பித்தூள் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அதற்குச் சில நாள்கள் கழித்து, எங்கள் வீட்டுச் சமையலறையில் அத்தை பித்தளை ஃபில்டரில் தூள் போட்டு, லேசாக அமுக்கி, கொதித்து அடங்கிய நீரை நடுவில் கொட்டாமல் சுற்றி ஊற்றுவதை ஓர் எளிய காணொளியாகப் போட்டோம். இரண்டு பேருக்கு எத்தனை கரண்டித் தூள், எவ்வளவு நீர், அரைவை எவ்வளவு நயமாக இருக்க வேண்டும், அமுக்கினால் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று அத்தை தம் பேச்சுவழக்கிலேயே சொன்னார். பார்வைகள் குறைவு, ஆனால் பார்த்தவர்களில் பலர் சேமித்து வைத்தார்கள், மகளுக்கும் மருமகளுக்கும் அனுப்பினார்கள், அந்த வாரமே ஆர்டரும் வந்தது. பூவுக்கு லைக், டிக்காஷனுக்கு ஆர்டர் என்று என் கணவர் அப்போது சொன்னதை இன்றும் நாங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறோம். பூவைக் காட்டக் கூடாது என்பதன்று. எந்தப் பதிவிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து போட வேண்டும் என்பதே.

பொட்டலம் ஊதியது பற்றிய கேள்வியும் நல்ல பதிவாக மாறியது. புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து சில நாள்களுக்குக் கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் உள்ளிருந்து வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே புகாமல் இருக்கவும் பையில் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். இதைச் சொல்லி, பையை அமுக்கினால் வால்வு வழியே மணம் வருவதைக் காட்டியவுடன், குறையாகப் பார்த்தவர்கள் அதையே புதுமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அரைத்த தூள் கொட்டையைவிட வெகு விரைவாக மணம் இழக்கும் என்பதையும் அதே பதிவில் சொன்னோம். அதனால் சிறிய பொட்டலம் கேட்பவர்கள் பெருகினார்கள், கூரியர் செலவு கூடியது. உண்மையைச் சொன்னால் சில வேளை இப்படி நம் கணக்கிலும் கை வைக்கும்.

காணொளியின் தரம் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். சாதாரணத் தொலைபேசியும் சன்னலோர வெளிச்சமும் போதும். கவனிக்க வேண்டியது ஒலியைத்தான். வறுக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்ப்பதால், சொல்வதைத் தமிழ் எழுத்தாகத் திரையிலும் இட வேண்டும். பின்னணிக்குத் திரைப்பாடல் சேர்ப்பதில் ஒரு தடை உண்டு. இன்ஸ்டாகிராமில் தொழில் கணக்குகளுக்கு, தனிநபர் கணக்குகளுக்குக் கிடைக்கும் பாடல்கள் பலவும் கிடைப்பதில்லை. உரிமை பெறாத இசையைச் சேர்த்தால் ஒலி நீக்கப்படவும் கூடும். எங்கள் காணொளிகளில் மழைச் சத்தமும் ஃபில்டரில் சொட்டும் ஓசையும்தான் இசை. அத்தைக்கு அதில் சற்று வருத்தம்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் படம் எடுப்பது குறித்து எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். நவம்பர் முதல் சனவரி வரை பழம் பறிக்கும் காலத்தில், பழுத்த சிவப்புப் பழங்களை மட்டும் தேர்ந்து பறிக்கும் கைகளைக் காட்டுவது விளம்பரத்துக்கு மிக உகந்ததுதான். ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவரிடம் எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே எடுக்கிறோம். குழந்தைகளை எடுப்பதே இல்லை. பழனி மலையின் பழங்குடிகளான பளியர் மக்களைக் காட்சிப்பொருள் போல முன்னிறுத்தித் தேனும் மூலிகையும் விற்கும் பதிவுகள் இணையத்தில் நிறைய வலம் வருகின்றன. எங்களையும் காட்டுத்தேன் விற்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு கிடைக்கும், எந்த மாதம் கிடைக்கும், கலப்பில்லை என்று நாங்களே உறுதி சொல்ல முடியுமா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லாத பொருளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

மருத்துவக் குணம் பேசுவதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். மிளகு சளியைப் போக்கும் என்று பாட்டி வீட்டில் சொல்வது வேறு. விற்பவர் தம் பக்கத்தில் ‘இந்த நோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதுவது வேறு. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் குணத்தை விளம்பரத்தில் ஏற்றிச் சொல்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. குறிப்பிட்ட சில நோய்களைப் பற்றிய விளம்பரங்களைத் தடுக்க 1954-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. மேல்மலையில், பூம்பாறைப் பக்கத்து உறவினர்கள் அனுப்பும் மலைப்பூண்டை அறுவடைக் காலத்தில் சிறிதளவு விற்கிறோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பது பெருமையாகச் சொல்லக்கூடிய உண்மை. ஆனால் அந்தக் குறியீட்டின் முத்திரையைப் பொட்டலத்திலோ பதிவிலோ இட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக முறைப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இணையத்திலிருந்து படத்தை இறக்கி ஒட்டிக்கொள்ள முடியாது. நாங்கள் பதிவு பெறாததால் ஊரின் பெயரை மட்டும் சொல்லி விற்கிறோம்.

இனி விலை. ‘விலை என்ன?’ என்று ஒருவர் எல்லோரும் பார்க்கக் கேட்கும்போது, ‘தனிச்செய்தியில் வாருங்கள்’ என்று பதில் சொல்லும் வழக்கம் எப்படிப் பரவியதோ தெரியவில்லை. எனக்கு அது வாடிக்கையாளரை மதிக்காத செயலாகவே படுகிறது. கேட்ட இடத்திலேயே, கூரியர் செலவும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் பத்துப் பேருக்கு விடை கிடைக்கிறது. ஆனால் விலையைப் படத்தின்மேல் எழுதிவிடக் கூடாது. 2024-இல் பிரேசில் வறட்சி, வியட்நாமில் விளைச்சல் குறைவு ஆகியவற்றால் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறத் தொடங்கி, 2025-இன் தொடக்கத்தில் அராபிகா அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. எங்கோ பெய்யாத மழைக்காகத் தாண்டிக்குடித் தோட்டத்துக் காப்பிக்கு ஏன் விலை ஏற வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, கொட்டையாகவே விற்றாலும் எங்களுக்கு இப்போது கிடைக்கும் விலை இது, தூளாக்கி விற்பதற்கு ஆகும் செலவு இது என்று இரண்டு கணக்கையும் ஒரே பதிவில் வைத்தோம். அதற்குப் பிறகும் சிலர் பழைய பதிவின் படத்தை அனுப்பி, ‘இந்த விலைக்குத்தானே சொன்னீர்கள்?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டலாக்கில் இருக்கும் விலையை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். பலர் கைக்குப் போய்விட்ட படத்தில் இருக்கும் விலையை மாற்ற முடியாது. அதனால் படத்தில் பொருள், பேச்சில் தரம், கேட்டலாக்கில் மட்டும் விலை என்று பிரித்துக்கொண்டோம்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதற்கு நாங்கள் நெடுநாள் அவசரப்படவில்லை. இலவசமாகப் போட்ட பதிவுகளில் எது ஆர்டரைக் கொண்டுவருகிறது என்று தெரிந்த பிறகு, அந்த ஒன்றை மட்டும் எடுத்து, அழுத்தினால் நேராக வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும் வகையிலான விளம்பரமாக, மதுரை, திண்டுக்கல், கோவை நகரங்களுக்கு மட்டும் சிறு தொகையில் கொடுத்தோம். பதிவுக்குக் கீழே தெரியும் ‘பூஸ்ட்’ பொத்தானை அப்படியே அழுத்தாமல், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர மேலாளருக்குள் (ஆட்ஸ் மேனேஜர்) போய், நோக்கம், ஊர், வயது, நாளொன்றுக்கான உச்சவரம்பு ஆகியவற்றை நாமே தேர்ந்தெடுப்பது நல்லது. விளம்பரக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கணக்கை இப்படிப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பொட்டலத்தில் எல்லாச் செலவும் போக நிற்பது 80 ரூபாய் என்று வையுங்கள். விளம்பரத்துக்கு வரியோடு 1,000 ரூபாய் செலவிட்டு, அதனால் 40 பேர் செய்தி அனுப்பி, அவர்களில் 8 பேர் வாங்கினால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 125 ரூபாய் ஆயிற்று. முதல் பொட்டலத்தில் 45 ரூபாய் நட்டம். அவர் அடுத்த மாதமும் வாங்கினால்தான் அந்த நட்டம் ஆதாயமாகும். செய்திகளின் எண்ணிக்கையைப் பார்த்து விளம்பரம் வெற்றி என்று சொல்பவரும், முதல் பொட்டலத்தை மட்டும் பார்த்துத் தோல்வி என்று சொல்பவரும் ஒரே கணக்கின் வேறு வேறு வரிகளில் நின்றுவிடுகிறார்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொரு புதிய பெயருக்கும் எதிரே ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்ற கேள்விக்கான பதிலும், மறுமுறை வாங்கிய தேதியும் இருக்கும். அந்த இரண்டு கட்டங்கள் இல்லாமல் விளம்பரம் கொடுப்பது, தண்ணீர் எந்தப் பாத்தியில் பாய்கிறது என்று பார்க்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது.

இலட்சக்கணக்கான பின்தொடர்வோரை உடைய ஒருவர், இலவசத் தங்கலும் ஒரு தொகையும் தந்தால் தோட்டத்தைப் பற்றிக் காணொளி போடுவதாக ஒருமுறை கேட்டு வந்தார். பணம் பெற்றுச் செய்யும் பரிந்துரையை விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்ற நெறிமுறையை இந்திய விளம்பரத் தரக் குழு 2021-லேயே வகுத்துவிட்டது. அப்படிக் குறிப்பிட அவருக்கு விருப்பமில்லை, குறிப்பிடாமல் போட எங்களுக்கு விருப்பமில்லை, பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பதிலாக, வீட்டுச் சமையல் பற்றிச் சிறிய அளவில் காணொளி போடும் ஒரு பெண்மணிக்குப் பொட்டலம் ஒன்றை அனுப்பி, பிடித்தால் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவர் இலவசமாகக் கிடைத்தது என்பதையும் சொல்லி, வறுவல் தமக்குச் சற்றுக் கூடுதலாகப் பட்டது என்பதையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டுவிட்டு, இளவறுவல் இருக்கிறதா என்று விசாரித்து வந்தவர்கள் கணிசம்.

மோசடிகள் தனி உலகம். பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பிப் பொருளை வாங்கிவிட முயல்பவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. வங்கிக் கணக்கில் வரவு தெரியாமல் பார்சல் கட்டுவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் பொதுவான விதி. ‘உங்கள் பக்கம் விதிமீறலால் நீக்கப்படவிருக்கிறது, இந்த இணைப்பை அழுத்தி உறுதிசெய்யுங்கள்’ என்று நிறுவனத்தின் பெயரிலேயே வரும் செய்திகள் கடவுச்சொல்லைத் திருடுவதற்கானவை. இருபடிச் சரிபார்ப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) முதல் நாளே இயக்கி வைப்பதும், பக்கத்தின் நிர்வாகியாக நம்பிக்கைக்குரிய இருவரையாவது வைப்பதும் தேவை. ஒரே ஒருவரின் தொலைபேசியில் தொழில் முழுவதும் இருந்து, அது கைநழுவினால் பல ஆண்டு உழைப்பும் அதோடு போய்விடும்.

மலையூருக்கே உரிய இடர்ப்பாடுகளைப் பற்றி நகரத்து ஆலோசகர்கள் சொல்வதில்லை. எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது சாலை வளைவு ஒன்றில் மட்டும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. அதனால் ஒரு வாரத்துக்கான பதிவுகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு, பார்சல் போட வத்தலக்குண்டுக்கு இறங்கும் நாளில், மெட்டாவின் இலவசத் தொழில் செயலியில் தேதியும் நேரமும் குறித்து ஏற்றிவிடுகிறோம். பதில் சொல்லத் தாமதமாகும் என்பதை வாட்ஸ்அப்பில் எங்கள் தொழில் விவரப் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ‘தோட்டத்தில் சிக்னல் இல்லை, மாலை ஆறு மணிக்கு மேல் பதில் சொல்வோம்’ என்று இருப்பதைப் படித்தவர்கள் காத்திருக்கிறார்கள். பார்சலை வாரத்தின் முற்பகுதியிலேயே அனுப்பிவிடுகிறோம்; வெள்ளியன்று அனுப்பினால் ஞாயிறு முழுவதும் ஏதோ ஒரு கிடங்கில் வெயிலில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால், யாரும் கேட்பதற்கு முன்னால், சாலையின் நிலையைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறோம். தாமதத்துக்கான விளக்கம் கேள்விக்கு முன்னால் வந்தால் செய்தி. பின்னால் வந்தால் சாக்கு.

கூகுளில் தொழில் விவரத்தைப் பதிவது பலருக்கும் நல்லது. கடை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியதே அதுதான். எங்களுக்குக் கடை இல்லை. வரைபடத்தில் புள்ளி வைத்தால் கொடைக்கானல் பார்க்க வந்தவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். பாதை ஒற்றை வண்டிப் பாதை, அந்தி சாய்ந்தால் யானையும் காட்டுமாடும் நடமாடும் இடம். முகவரியை மறைத்து, சேவை தரும் பகுதிகளை மட்டும் காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது என்று தெரிந்து அதைத் தேர்ந்தெடுத்தோம். மதிப்பீடுகளும் கிடைக்கின்றன, வாசலில் கூட்டமும் இல்லை. மதிப்பீட்டுக்காகத் தள்ளுபடி கொடுப்பது கூகுளின் விதிப்படி கூடாது. பொருள் போய்ச் சேர்ந்த சில நாள்கள் கழித்து, எப்படி இருந்தது என்று கேட்டு, கூடவே இணைப்பையும் அனுப்பினால் விருப்பமுள்ளவர்கள் எழுதுகிறார்கள்.

யூடியூபில் நீண்ட காணொளி போடச் சொல்லிப் பலர் வற்புறுத்துகிறார்கள். காப்பி பறிப்பது முதல் பொட்டலமிடுவது வரை ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு மேல் அங்கே முறையாக இயங்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. ஃபேஸ்புக்கில் ஐம்பதைக் கடந்தவர்களும், இன்ஸ்டாகிராமில் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆர்டர் கொடுப்பவர் பெரும்பாலும் பிள்ளை, குடிப்பவர் பெற்றோர். ஆகையால் ஒரே காணொளியை இரண்டிலும் போட்டாலும், இன்ஸ்டாகிராமில் ‘அம்மாவுக்கு அனுப்ப முகவரி மட்டும் கொடுத்தால் போதும்’ என்ற வரி கூடுதலாக இருக்கும். இந்த வரியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நோட்டில் இருந்த ஒரு வாடிக்கையாளரே.

சென்ற பறிப்புக் காலத்துக்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஒருவர், தம் மிளகையும் மலைவாழையையும் இப்படி விற்கலாமா என்று கேட்டு வந்தார். ‘எந்தப் போன் வாங்கணும்மா?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மிளகுக்கு ஆகும், உலர்ந்த பொருள், எடை குறைவு, கூரியரில் கெடாது என்றேன். மலைவாழையைப் பழுக்கும் நிலையில் சென்னைக்கு அனுப்பிப் புகார் வாங்குவதைவிட, வத்தலக்குண்டு, திண்டுக்கல் வாங்குவோருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் முன்கூட்டிச் சொல்லிவைத்து, வண்டி இறங்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றேன். இப்போது அவருடைய மகள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறாள். தார் வெட்டுவதற்கு முந்தின நாள் ஒரு செய்தி போகிறது, எத்தனை சீப்பு என்று பதில்கள் வருகின்றன, கேட்ட அளவுக்குத்தான் வெட்டுகிறார்கள். அவர்கள் இன்னும் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கவில்லை; மிளகுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வந்தபின் தொடங்குவதாக இருக்கிறார்கள்.